அண்ணாச்சி பதில்கள்: எந்த எடிட்டரில் வீடு கட்டலாம்?

போன இதழில் கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கி விளையாட்டைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். பாளையங்கோட்டையில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த நாட்களில் பையன்கள் எட்டு கம்ப்யூட்டரையும் வளைத்துக்கொண்டு விளையாடிய 'டஸ்ட் 2' என்ற மேப்பைப் பற்றியது. மேப் என்றால் ஆட்டம் நடக்கிற இடம். அதைச் செய்த டேவ் ஜான்ஸ்டன், 'டஸ்ட்' என்ற முதல் மேப்பை 1999-ல் செய்தபோது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தவர் என்றும் எழுதினேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நாமும் மேப் செய்யலாமா, எந்த எடிட்டரில் (மேப் கட்டுகிற மென்பொருளில்) செய்வது, எப்படிக் கற்பது என்றே எல்லோரும் கேட்கிறீர்கள். இந்த முறை முழுப் பகுதியும் அதற்குத்தான்.

கல்லூரி முதலாண்டு மாணவர், அம்பாசமுத்திரம்: துப்பாக்கி விளையாட்டுகளுக்கு லெவல் செய்யக் கற்க ஆசை. ஒருவர் அன்ரியல் என்கிறார், ஒருவர் ஹேமர் என்கிறார், இன்னொருவர் ட்ரென்ச்புரூம் என்கிறார். என்னிடம் இருப்பது அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப், 4 ஜிபி ரேம். எதை எடுக்கட்டும் அண்ணாச்சி?

தம்பி, ட்ரென்ச்புரூமை எடு. ஏன் என்று சொல்கிறேன்.

அன்ரியல் 5-க்கு 32 ஜிபி ரேம் வைத்துக்கொள் என்று அதைச் செய்கிற நிறுவனமே சொல்கிறது. உன் லேப்டாப்புக்கு அது ஆகாது. நல்ல கம்ப்யூட்டர் இருந்தாலும் முதல் எடிட்டராக அதை நான் சொல்ல மாட்டேன். ஒரு சுவர் வைப்பதற்கு முன்னால் மெட்டீரியல், புளூபிரின்ட் என்று படிக்க வேண்டியது மலை மாதிரி நிற்கும். படித்துக்கொண்டே இருப்பாய், கட்ட மாட்டாய்.

ஹேமர் நான் கற்ற எடிட்டர். பென் மோரிஸ் என்பவர் குவேக் என்ற விளையாட்டுக்காக 'வேர்ல்ட்கிராஃப்ட்' என்ற பெயரில் எழுதியது. வால்வ் நிறுவனம் அதை வாங்கி 1998-ல் வந்த ஹாஃப் லைஃபுக்குப் பயன்படுத்தியது, பிறகு ஹேமர் என்று பெயரை மாற்றியது. அருமையான கருவிதான். ஆனால் இன்றைய ஹேமர் கவுண்டர் ஸ்ட்ரைக் 2-வோடு சேர்ந்து வருகிறது. அந்த விளையாட்டே உன் லேப்டாப்பில் நகராது.

மிச்சம் இருப்பது பழைய துப்பாக்கி விளையாட்டுகளான டூமும் குவேக்கும். டூம் 1993-ல் வந்தது. அதற்கான எடிட்டர்கள் இருப்பதிலேயே எளிது. மேலிருந்து பார்த்தபடி கோடு போட்டு அறையை மூட வேண்டும், அதற்குத் தரை உயரம் ஒன்று, கூரை உயரம் ஒன்று கொடுக்க வேண்டும், முடிந்தது. ஒரே மாலையில் நடந்து பார்க்கக்கூடிய ஒரு அறை கைக்கு வந்துவிடும். சங்கடம் என்னவென்றால், பழைய டூமில் ஒரு அறைக்கு மேல் இன்னொரு அறை வராது. நம்ம திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தை நினைத்துப் பார். மேல் தட்டில் பஸ் போகிறது, கீழ்த் தட்டில் சைக்கிளும் பைக்கும் போகின்றன, அதற்கும் கீழே ரயில் போகிறது. ஒரே இடத்தில் மூன்று தரை. ஓர் இடத்துக்கு ஒரு தரைதான் என்கிற டூம் கணக்கில் அந்தப் பாலத்துக்கு இடமே கிடையாது. ஜிஇசட்டூம் போன்ற பின்னால் வந்த எஞ்சின்களில் (விளையாட்டை ஓட்டுகிற நிரல்களில்) அதற்கு வழி செய்திருக்கிறார்கள், ஆனால் அது சுற்றுவழி. முதல் மாதத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

1996-ல் வந்த குவேக்கில் அந்தத் தடை இல்லை. அதில் எல்லாமே 'பிரஷ்' என்கிற கட்டிகளால் ஆனது. செங்கல் என்றே வைத்துக்கொள், ஆனால் என்ன அளவுக்கும் இழுக்கலாம். தரை ஒரு கட்டி, சுவர் ஒரு கட்டி, பாலத்தின் ஒவ்வொரு தட்டும் ஒரு கட்டி. அந்தக் கட்டிகளை அடுக்க இன்றைக்கு இருப்பதில் கைக்கு இதமான எடிட்டர் ட்ரென்ச்புரூம். கிறிஸ்டியன் டுஸ்கே என்பவர் தொடங்கியது. இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பழைய எடிட்டர்களில் மேலிருந்து, முன்னாலிருந்து, பக்கத்திலிருந்து என்று மூன்று படங்களைப் பார்த்து மனசுக்குள் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். இதில் அறைக்குள் நின்றுகொண்டே கட்டலாம். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஒரு முகத்தைப் பிடித்து இழுத்தால் சுவர் நீளும்.

முதல் வாரம் இதை மட்டும் செய். ஆறு பிரஷ்: ஒரு தரை, ஒரு கூரை, நாலு சுவர். உள்ளே ஆள் வந்து நிற்கிற இடத்துக்கு 'இன்ஃபோ பிளேயர் ஸ்டார்ட்' ஒன்று, 'லைட்' ஒன்று. கம்பைல் செய். கம்பைல் என்பது மூன்று புரோகிராம்: கட்டிகளை எஞ்சினுக்குப் புரிகிற மாதிரி வெட்டித் தருவது 'கியூபிஎஸ்பி', எங்கிருந்து எது தெரியும் என்று கணக்குப் போடுவது 'விஸ்', வெளிச்சமும் நிழலும் போடுவது 'லைட்'. மூன்றும் எரிக் டபிள்யூ டூல்ஸ் என்ற இலவசத் தொகுப்பில் இருக்கின்றன. முடிந்ததும் உள்ளே போய் நடந்து பார். அடுத்த நாள் ஒரு சுவரில் வாசல் வெட்டி, அடுத்த அறை. பெரிய கட்டியிலிருந்து சின்னக் கட்டியைக் கழித்து ஓட்டை போடுகிற வசதி எடிட்டரில் இருக்கிறது, ஆரம்பத்தில் அதைத் தொடாதே. அது கண்டபடி துண்டு போட்டுவிடும். சி விசையை அழுத்தினால் வருகிற வெட்டுக் கருவியால் சுவரை நீயே வேண்டிய இடத்தில் வெட்டிப் பழகு.

என்ன கட்டுவது? உனக்குக் கண்ணை மூடினாலும் தெரிகிற இடத்தைக் கட்டு. உங்கள் வளவு, உங்கள் தெரு முக்கு, ஆற்றுப் படித்துறை. ஆனால் ஊர் முழுவதையும் தொடங்கிவிடாதே. 2004-ல் நான் டவுன் நெல்லையப்பர் கோயிலையும் நாலு ரத வீதியையும் ஹாஃப் லைஃபில் கட்டத் தொடங்கினேன். அதில் ஒரு மேப்பின் மொத்த நீளம் 8192 யூனிட்தான் (யூனிட் என்பது எடிட்டரின் நீள அளவு). அடிக்கு 16 யூனிட் என்று போட்டால் வெறும் 512 அடி. கோயிலே அதற்குள் அடங்காது. மூன்று மாத வேலையை அப்படியே மூடி வைத்தேன்.

ஓய்வு பெற்ற வரைவாளர், பெருமாள்புரம்: முப்பது வருஷம் கட்டட வரைபடம் போட்டவன். ஆட்டோகேட் நன்றாகத் தெரியும். பேரனோடு சேர்ந்து இதைக் கற்கத் தொடங்கினேன். வீட்டைச் சரியான அளவில் போட்டும் உள்ளே போனால் நெருக்கடியாக இருக்கிறது. என்ன தப்பு?

சார், உங்கள் கேள்வியைப் படித்ததும் ரொம்ப சந்தோஷமாக இருந்தது. நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. அளவு சரி, ஆள்தான் வேறு.

குவேக்கில் ஓடுகிற ஆள் 32 யூனிட் அகலமும் 56 யூனிட் உயரமும் உள்ள ஒரு பெட்டி. வேகம் விநாடிக்கு 320 யூனிட் வரை. நீங்கள் அடிக்குப் பத்து யூனிட் என்று போட்டிருந்தால், ஆள் உயரம் ஐந்தரை அடிக்குச் சரியாக வரும். ஆனால் அவன் விநாடிக்கு 32 அடி ஓடுகிறான். பதினெட்டு அடிப் பட்டாசலை, அதாவது கூடத்தை, அரை விநாடியில் கடந்து எதிர்ச் சுவரில் போய் முட்டுவான். அதுதான் உங்களுக்கு நெருக்கடியாகத் தெரிகிறது. கதவும் அப்படித்தான். 32 அகலப் பெட்டி மூன்றடிக் கதவில், அதாவது முப்பது யூனிட்டில், நுழையவே நுழையாது.

அடிக்கு 16 யூனிட் என்று மாற்றிப் பாருங்கள். எடிட்டரின் கட்டக்கோடுகளான கிரிட்டை 16-ல் வைத்தால் ஒரு கட்டம் ஒரு அடி, உங்கள் கைப்பழக்கத்துக்கும் ஒத்துவரும். பட்டாசல் 288 யூனிட் ஆகிவிடும், மூச்சுவிட இடம் கிடைக்கும். கதவை 64 வையுங்கள். படிக்கட்டில் ஒரு படி 18 யூனிட்டுக்குள் இருந்தால் ஆள் தானாக ஏறுவான், அதற்கு மேல் போனால் குதிக்க வேண்டும். 8 யூனிட் படி பார்க்கவும் நடக்கவும் நன்றாக இருக்கிறது.

ஆட்டோகேட் கைக்கு ஒரு பழக்கம் மட்டும் மாற வேண்டும். பிரஷ் எப்போதும் குவிந்த உருவமாக இருக்க வேண்டும், எந்தப் பக்கமும் உள்வாங்கக் கூடாது. 'ட' மாதிரி வளைகிற சுவர் ஒரு பிரஷ் ஆகாது, இரண்டாகப் பிரித்துத்தான் வைக்க வேண்டும்.

ஒன்று கேட்கிறேன், பழைய வீடுதானே போடுகிறீர்கள்? டவுனில் எங்கள் ஆச்சி வீட்டில் தார்சாவிலிருந்து உள்ளே போகிற நிலை ஐந்தடிக்கும் குறைவு. யாராக இருந்தாலும் தலையைக் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். குவேக்கில் குனிய முடியாது, அந்த வசதியே அதில் இல்லை. ஹாஃப் லைஃபில் உண்டு: நின்றால் 72 யூனிட், குனிந்தால் 36. நிலையை 64 உயரத்தில் வைத்தால் உள்ளே போகிற ஒவ்வொருவரும் குனிந்தே ஆக வேண்டும். அந்த ஒரு நிலைக்காகவே நான் ஆச்சி வீட்டை ஹாஃப் லைஃபில் கட்டினேன். ட்ரென்ச்புரூமிலேயே ஹாஃப் லைஃபுக்கும் மேப் போடலாம் சார், பேரனுக்குப் புது எடிட்டர் கற்க வேண்டியதில்லை.

வாசகர், மேலப்பாளையம்: மூன்று நாளாகக் கம்பைல் செய்தால் 'லீக்', அதாவது மேப் முழுதாக அடைபடவில்லை, எங்கோ ஓட்டை இருக்கிறது என்று வருகிறது. முற்றம் வைத்த வீடு, வாசலில் அழிக்கதவு. எல்லாச் சுவரையும் பத்து தடவை பார்த்துவிட்டேன், இடைவெளியே இல்லை. மேப்பைச் சுற்றி ஒரு பெரிய பெட்டி போட்டால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். போடலாமா?

போடவே போடாதீர்கள். அது குளத்துக் கரையில் நண்டு வளை விழுந்ததென்று வயலைச் சுற்றி இன்னொரு கரை போடுகிற மாதிரி. தண்ணீர் நிற்கும், வயல் மூழ்கிவிடும். பெட்டி போட்டால் லீக் செய்தி போய்விடும். ஆனால் வீட்டுக்கு வெளியே யாரும் பார்க்காத சுவர் முகங்களையெல்லாம் எஞ்சின் உண்மையான இடமாக எடுத்துக்கொள்ளும். விஸ் கணக்குப் போட்டுக்கொண்டே கிடக்கும், விளையாட்டும் கனத்துப்போகும்.

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. முற்றத்துக்கு மேல் என்ன வைத்தீர்கள்? ஒன்றும் வைக்கவில்லை என்று நினைக்கிறேன், வானம்தானே என்று விட்டிருப்பீர்கள். குவேக்கில் வானமும் ஒரு கூரை. முற்றத்துக்கு மேலே ஒரு பிரஷ் வைத்து, வான டெக்ஸ்சரை, அதாவது மேலே ஒட்டுகிற வானப் படத்தை, அதற்குப் போட வேண்டும். விளையாடுகிறவன் அண்ணாந்து பார்த்தால் மேகம் ஓடும், கம்பைல் பண்ணுகிற புரோகிராமுக்கு அது மூடிய சுவர்.

அதோடு அழிக்கதவு. கதவைத் திறந்து மூடுகிற பொருளாக, அதாவது 'ஃபங்க் டோர்' ஆக, மாற்றியிருப்பீர்கள். அப்படி மாற்றிய எதுவும் அடைப்பாகக் கணக்கில் வராது. அது மூடியிருந்தாலும் புரோகிராமுக்கு அங்கே ஓட்டைதான். கதவுக்கு அந்தப் பக்கம் தெருவில் ஒரு துண்டாவது கட்டுங்கள்: கொஞ்சம் தரை, எதிர்வீட்டுச் சுவர், இரண்டு பக்கமும் அடைப்பு, மேலே வானம். வீட்டுக்கும் அது அழகுதான்.

இவை இரண்டும் இல்லையென்றால், கம்பைல் செய்யும்போது 'பாயின்ட் ஃபைல்' என்று ஒரு கோப்பு உருவாகியிருக்கும். அதை எடிட்டரில் திறந்தால் வீட்டுக்குள் இருக்கிற ஒரு பொருளிலிருந்து கோடு ஒன்று கிளம்பி, ஓட்டை வழியாக வெளியே போகும். சுவர் சுவராகத் தேடாதீர்கள், அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே போங்கள். அது வெளியேறுகிற இடம்தான் ஓட்டை. சில நேரம் ஒரு யூனிட் இடைவெளியாக இருக்கும், கண்ணுக்கே தெரியாது. கிரிட்டை 1-ல் வைத்து வேலை செய்கிறவர்களுக்குத்தான் இது அடிக்கடி வரும். 16-லும் 8-லுமே கட்டிப் பழகினால் பாதித் தொல்லை இல்லை.

ஒரு தாய், வீரவநல்லூர்: மகன் ஒன்பதாம் வகுப்பு. ராத்திரி பத்து மணிக்கும் இந்த எடிட்டரோடுதான் இருக்கிறான். துப்பாக்கி விளையாட்டு என்பதால் பயமாக இருக்கிறது.

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. டூம், குவேக் இரண்டுக்கும் அமெரிக்க வயது மதிப்பீட்டில் 17 வயதுக்கு மேல் என்றுதான் போட்டிருக்கிறது. ரத்தம் உண்டு, பூதம் உண்டு. அதை நான் மறைக்க மாட்டேன்.

ஆனால் எடிட்டரில் அவன் செய்வது சுடுவதல்ல. கூரைக்கு எவ்வளவு உயரம், படிக்கு எவ்வளவு, விளக்கு எங்கே என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான். அவன் மேப்பில் ஒரு பூதமும் வைக்காமல், துப்பாக்கியே எடுக்காமல் வெறுமனே நடந்து போகிற மாதிரியும் செய்யலாம். இல்லையென்றால், ட்ரென்ச்புரூமில் கட்டியதைக் கோடோ என்கிற இலவச கேம் எஞ்சினுக்குள் கொண்டுபோகிற சேர்ப்பான் ஒன்று இருக்கிறது, ஃபங்க்கோடோ என்று பெயர். அங்கே குவேக்கின் எதுவுமே வேண்டியதில்லை. அவன் கட்டிய வீட்டுக்குள் அவன் இஷ்டப்படி என்ன விளையாட்டும் வைக்கலாம்.

பத்து மணி மட்டும் வேண்டாம். ஒன்பதுக்கு மூடச் சொல்லுங்கள். மூடுவதற்கு முன்னால் 'இன்றைக்கு என்ன கட்டினாய், காட்டு' என்று பக்கத்தில் ஐந்து நிமிஷம் உட்காருங்கள். அவன் காட்டுகிற உற்சாகத்தைப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

வாசகர், தென்காசி: குவேக் வாங்காமல் மேப் செய்ய முடியுமா? திருட்டுப் பிரதி எடுக்க விருப்பமில்லை.

முடியும். எஞ்சினின் மூல நிரல் 1999-லேயே பொதுவில் வந்துவிட்டது. படங்களும் பூதங்களும் ஒலிகளும்தான் இன்னும் விலைக்கு. அவற்றுக்குப் பதிலாகப் புதிதாகச் செய்து இலவசமாகத் தருகிற திட்டம் லிப்ரெகுவேக். டூமுக்கு அதே மாதிரி ஃப்ரீடூம். இன்னொரு பொக்கிஷமும் இருக்கிறது. குவேக்கின் மேப்களை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஜான் ரொமேரோ, விளையாட்டோடு வந்த மேப்களின் மூலக் கோப்புகளை 2006-ல் வெளியிட்டார். அவற்றை எடிட்டரில் திறந்து, ஒரு படிக்கட்டை எத்தனை பிரஷ்ஷில் கட்டியிருக்கிறார்கள், விளக்கை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பத்து வீடியோ பார்ப்பதைவிட அது மேல்.

வாசகி, சங்கரன்கோவில்: சுவரில் தமிழ்ப் பெயர்ப்பலகை வைக்க முடியுமா?

தாராளமாக. பலகை என்பது ஒரு படம்தான். கிம்ப், கிரிட்டா எதில் வேண்டுமானாலும் எழுதுங்கள். அகலமும் உயரமும் 16-இன் மடங்காக இருக்கட்டும். குவேக்கில் எல்லாப் படத்துக்கும் சேர்த்து ஒரே 256 நிறம்தான், அதுவும் பழுப்பும் சாம்பலும் மிகுந்தது, அல்வாக் கடைப் பலகையின் சிவப்பு மங்கிப்போகும். ஹாஃப் லைஃபில் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனி 256 நிறம், அதில் பளிச்சென்று வரும். எழுத்து தமிழில் இருக்கலாம், கோப்புப் பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில் பதினைந்துக்குள் இருக்க வேண்டும். எழுத்தைக் கொஞ்சம் தடித்தே போடுங்கள். சின்னப் படத்தில் சுழி அடைத்துக்கொண்டு 'ல' எது 'வ' எது என்று தெரியாமல் போய்விடுகிறது.

பாலிடெக்னிக் மாணவி, வள்ளியூர்: நாலு மாதமாக எங்கள் வீட்டை மேப்பாகச் செய்கிறேன். பத்திரமாக வைக்க என்ன செய்வது?

தங்கச்சி, இரண்டு கோப்பு இருக்கும். நீ கட்டுவது 'மேப்' கோப்பு, கம்பைல் ஆகி வருவது 'பிஎஸ்பி'. விளையாட்டுக்குத் தேவை பிஎஸ்பி. உனக்குத் தேவை மேப். பிஎஸ்பியிலிருந்து பழைய மேப்பைத் திரும்ப எடுக்கக் கருவிகள் உண்டு, ஆனால் எல்லாம் துண்டு துண்டாகச் சிதறித்தான் வரும். அதனால் மேப் கோப்பைத்தான் காப்பாற்ற வேண்டும். அது வெறும் எழுத்துக் கோப்பு, அளவிலும் சிறியது. ட்ரென்ச்புரூம் தானாகவே அவ்வப்போது ஒரு பிரதி எடுத்துத் தனி ஃபோல்டரில் வைக்கும். ஆனால் அதுவும் அதே ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கிறது. வேலை முடிந்த ஒவ்வொரு ராத்திரியும் மேப் கோப்பை உனக்கே ஒரு மெயில் அனுப்பிக்கொள். தேதியைப் பெயரோடு சேர்த்து எழுது. ஒரு நிமிஷ வேலை.

நான் அதைச் செய்யவில்லை. ஆச்சி வீட்டை 2005-ல் டேப் பிடித்து அளந்து, தார்சா, பட்டாசல், அரங்கு வீடு, அடுக்களை, புறவாசல், மச்சு என்று ஒவ்வொன்றாகக் கட்டினேன். அடுத்த வருஷம் சென்டரில் கரன்ட் போய்ப் போய் வந்த ஒரு சாயங்காலம் ஹார்ட் டிஸ்க் போனது. ஒரே பிரதி. அளவு எழுதிய நோட்டும் எங்கோ போய்விட்டது. திரும்ப அளக்கலாம், வீடு அங்கேதானே இருக்கிறது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். 2014-ல் வீட்டை விற்று இடித்துவிட்டார்கள்.

இப்போது நினைவிலிருந்து மறுபடி கட்டுகிறேன். அறைகள் வந்துவிட்டன, நிலையும் வந்துவிட்டது. மச்சுக்குப் போகிற மரப்படிதான் நிற்கிறது. பதினொரு படி என்கிறாள் அம்மா. பன்னிரண்டு என்கிறாள் சித்தி, மேல் படி உடைந்து ஆடும், அதை நீங்கள் எண்ணவில்லை என்கிறாள். இப்போதைக்குப் பன்னிரண்டு வைத்திருக்கிறேன்.